ரெண்டு கையெழுத்துப் போட்ட லிஃப்ட்காரர்

நான் சொல்லப்போவது நடந்த கதை. ஒரு சொல் பொய் கிடையாது என்று கையில் ஊசியை வைத்துக்கொண்டே சத்தியம் செய்வேன். ஆனால் என் தொழில் கார் சீட்டுக்கு உறை தைப்பது. ரெக்சினை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்காமல் தைத்தால் சீட்டு தொளதொளவென்று தொங்கும். அதே மாதிரி இந்தக் கதையையும் அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற பஞ்சு உண்மை. மேலே தெரியும் பளபளப்பு மட்டும் என் கைவேலை.

அன்றைக்கு என் பட்டறையில் வண்டிகளிலிருந்து கழற்றிய சீட்டுகள் சுவரோரமாக வரிசையாகக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் அவற்றின் மேலேயே உட்கார்ந்து என் வேலை முடியக் காத்திருந்தார்கள். டாக்ஸிக்காரர் தன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி இல்லாவிட்டாலும் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா தன் சின்னக் காரின் முன்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்ஸிக்காரர்தான் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, அது என்ன, 'இந்தப் பட்டறையில் யாரும் கம்ப்யூட்டர் வைக்கக் கூடாது, மீறினால் கை இருக்காது'ன்னு எழுதியிருக்கு? உங்க கையெழுத்து மாதிரித் தெரியலையே."

"என் அக்கா எழுதினது."

"யார் கை இருக்காது?"

"என் கைதான். கேளுங்க."

கேட்டார்கள்.

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் லிஃப்ட் பெட்டிக்கு மேலே நின்று வேலை பார்த்தவர். நாமெல்லாம் பூமியில் நடந்த நேரத்தைவிட அவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிய நேரம் அதிகம். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டியைத் தாங்க ஒரு கயிறு போதும் என்றால் அஞ்சு கயிறு போடுவார்கள். ஒரு பிரேக் போதும் என்றால் இன்னொன்றும் வைப்பார்கள். அந்தப் பழக்கம் மச்சானோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் கடிகாரம் ரெண்டு, கத்தரிக்கோல் ரெண்டு, குடை ரெண்டு. பொத்தான் அறுந்துவிடும் என்று ஊக்கும் சேர்த்துக் குத்தியிருப்பார். ஒரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொன்று பத்திரமாக இருக்கிறதா என்று தேடுவார். என் அக்காவைத் தவிர அந்த வீட்டில் எல்லாமே ரெண்டு.

"அந்த ஒன்னுலயே அவருக்குப் போதும்னு ஆகியிருக்கும்," என்றார் டாக்ஸிக்காரர்.

நர்ஸம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை.

அப்படிப்பட்ட மனுஷருக்கு முழங்கால் போயிற்று. பெட்டி மேலே ஏற முடியாது என்று டாக்டர் சொன்னார், கம்பெனியும் அதையே சொன்னது. ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். (அதோடு வீட்டில் கடிகாரம் மூன்று.) அன்றிலிருந்து மச்சான் கழற்றிப் போட்ட சீட்டு மாதிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போன் அடிக்காது. முன்னெல்லாம் எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்றால் ஊரே அவரைத் தேடும். இப்போது எல்லா லிஃப்டும் அவரைக் கேட்காமலே ஓடின. கடைக்குப் போகும் வழியில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் உள்ளே நுழைந்து பொத்தானை அழுத்துவார். கதவு திறக்கும். ஏற மாட்டார். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். காவலாளிகள் அவரை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பழைய சகா ஒருவர் இந்த வேலிடேட்டர் வேலையைச் சொன்னார்.

"அப்படின்னா?" என்றார் நர்ஸம்மா.

எனக்கு விளங்கிய அளவில் சொன்னேன். உலகம் முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு பேரேடு இருக்கிறது. அதற்கு முதலாளி கிடையாது, ஆபீஸ் கிடையாது, பூட்டுகூடக் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் சரி" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். பேனாவால் இல்லை, ஒரு ரகசியச் சாவியால். மெஷினே போட்டுவிடும். ஆனால் சும்மா யாரையும் போட விடமாட்டார்கள். முன்பணம் கட்ட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் கொஞ்சம் கூலி வரும். முறை வரும்போது மெஷின் தூங்கிக்கொண்டிருந்தால் எறும்பு கடித்த அளவுக்கு அபராதம். ஒரே முறைக்கு இரண்டு விதமாகக் கையெழுத்துப் போட்டால் மட்டும் முன்பணத்தில் வெட்டு விழும், ஆளையும் வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தச் சாவி அதற்கப்புறம் எந்தக் கதவையும் திறக்காது.

"முறை எப்ப வரும்?"

"ஆறு நிமிஷம் சொச்சத்துக்கு ஒரு தடவை. ராத்திரி பகல் கிடையாது."

இதைக் கேட்டதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூலியைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கைமுதலைத் தூக்கி அதில் போடப் போகிறார்களே என்று நான்தான் அடுப்படிக்குப் போய் அவளிடம் சண்டை போட்டேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:

"அவரை யாராவது கூப்பிடணும்டா. அவ்வளவுதான். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான்கூட அவரைக் கூப்பிட மாட்டேன். எனக்குத் தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

சாமான் அறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் மெஷின் உட்கார்ந்தது. மச்சான் அதற்கு முன்னால் நாற்காலி போட்டு டியூட்டி பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு பச்சைப் பொட்டு ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்னும். அது மின்னும்போதெல்லாம் மனுஷர் தலையை ஆட்டி, "ம்" என்பார். அக்கா கணக்குப்படி ஒரு நாளைக்கு இருநூறு "ம்". கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் வாயிலிருந்து மொத்தமாகவே அத்தனை வாங்கியதில்லை. மச்சான் முகத்தில் ரத்தம் ஊறியது. முழங்கால்கூட வளைந்தது என்று சொல்வேன். நர்ஸம்மா இருக்கிறாரே என்று அந்த இடத்தை இழுக்காமல் விட்டேன்.

ஆனால் லிஃப்ட்காரர் ஒரு கயிற்றை நம்புவாரா? மூன்றாம் வாரம் ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

"மாப்ள, இதுலயும் அதே சாவியை ஏத்தி வச்சிருக்கேன். இங்க ஒரு ஓரமா இருக்கட்டும். வீட்ல கரண்ட் போனா போன் பண்றேன், நீ பொத்தானை அமுக்கு. டியூட்டி தவறக்கூடாது பாரு."

"ரெண்டும் ஒரே நேரத்துல ஓடினா, மச்சான்?"

"ஓடாது. நான் சொல்லாம நீ அமுக்கப் போறதில்ல. நான் சொன்னா நிறுத்தப் போற. இதுல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். ஸ்பாஞ்சு அட்டைகளுக்கு மேலே லேப்டாப்பை வைத்து, தூசி படாமல் ஒரு ரெக்சின் துண்டைப் போர்த்தினேன். கம்ப்யூட்டருக்கு உறை தைத்த முதல் ஆள் நான்தான்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் தாண்டி, போன் வந்தது.

"மாப்ள, கரண்ட் போயிடுச்சு. அமுக்கு."

அமுக்கினேன். பச்சைப் பொட்டு மின்னியது. என் பட்டறையில் உலகத்தின் பேரேடு சரிபார்க்கப்படுகிறது என்று எனக்கே கொஞ்சம் மிதப்பு. மீசையைத் தடவிக்கொண்டு தையல் மெஷினை மிதித்தேன். ஒரு பஸ்ஸின் நாற்பது சீட்டு அன்றைக்கு. என் மெஷின் ஓடினால் அடுத்த தெருவில் குழந்தை அழுவது நின்றுவிடும், அவ்வளவு சத்தம். அரை மணி கழித்து மறுபடி போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மெஷினை நிறுத்தாமலே கேட்டேன்.

மச்சான் சொன்னது இது: "கரண்ட் வந்துடுச்சு மாப்ள, நிறுத்தி வச்சிடு."

என் காதில் விழுந்தது இது: "கரண்ட் வந்துடுச்சு மாப்ள, வச்சிடு."

நிறுத்தி என்ற சொல்லை என் மெஷின் தின்றுவிட்டது. வச்சிடு என்றால் என்ன? போனைத்தானே? "சரி மச்சான், வச்சிடறேன்," என்று போனை வைத்துவிட்டேன்.

"அடப்பாவி!" என்றார் நர்ஸம்மா. டாக்ஸிக்காரரின் கால் தரையில் ஒரு சடன் பிரேக் போட்டது.

வீட்டில் மெஷின் தானாக எழுந்து டியூட்டிக்கு வந்துவிட்டது. என் பட்டறையிலும் அதே சாவி டியூட்டியில் இருந்தது. ஒன்று பார்த்த பக்கம் வேறு, அது மூச்சு விடுவதற்குள் இன்னொன்று பார்த்த பக்கம் வேறு. ஒரே முறைக்கு, ஒரே பேரில், ரெண்டு கையெழுத்து. இதைப் பிடிக்கவே எங்கேயோ சில மெஷின்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கின்றன. பிடித்துக் காட்டுகிறவருக்குச் சின்ன இனாம் உண்டு. அன்றைக்கு யாரோ முகம் தெரியாத ஒருத்தருக்கு என் மச்சானால் டீச் செலவு நடந்தது.

கால் மணியில் மச்சான் பட்டறை வாசலில் நின்றார். நொண்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். சட்டையில் பொத்தானும் இல்லை, ஊக்கும் இல்லை. நேராகப் போய் ரெக்சினை விலக்கினார். பச்சைப் பொட்டு இல்லை, சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"டியூட்டி போச்சு மாப்ள," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே சொன்னார்: "உங்க அக்காகிட்ட நானே ரெண்டையும் போட்டுட்டேன்னு சொல்லிக்கறேன். நீ உள்ள வராத. அவ கை உன்மேல நீளும்."

அப்படியே சொன்னார். அக்கா சாமான் அறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"திரும்பச் சேரவே முடியாதாங்க?"

"புதுச் சாவி போட்டுச் சேரலாம். ஆனா முன்பணம் முழுசா இருக்கணும். இப்ப வெட்டினது கொஞ்சந்தான். பதினெட்டாம் நாள் இன்னொரு வெட்டு இருக்கு. அது எவ்வளவுன்னு இப்பத் தெரியாது."

"அதென்ன பதினெட்டு நாள்? யாரு போய் விசாரிக்கறாங்க?"

"விசாரிக்கல. எண்ணிப் பாக்கறாங்க. நான் மட்டும் தப்புப் பண்ணியிருந்தா, கை தவறிடுச்சுன்னு லேசா கிள்ளி விட்டுடுவாங்க. என்கூட இன்னும் நிறைய பேர் அதே சமயத்துல பண்ணியிருந்தா, கூட்டுச் சதின்னு பெரிசா வெட்டுவாங்க. அப்படி வெட்டினா நாம திரும்பச் சேர வழியில்ல."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப பதினெட்டு நாளைக்கு உலகத்துல ஒருத்தரும் தப்புப் பண்ணக்கூடாது."

பிறகு நடந்ததைக் கொஞ்சம்தான் இழுக்கிறேன். அந்தப் பதினெட்டு நாளும் என் அக்கா உலகத்தைக் கட்டி மேய்த்தாள். காய்க்காரர் தராசை விரலால் அழுத்தியபோது, "வேணாம்பா, இந்த ரெண்டு வாரம் மட்டும் யோக்கியமா இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினாள். எதிர்வீட்டுக்காரர் ஆபீசுக்குப் பொய்க் காய்ச்சல் சொன்னதைக் கேட்டு, படியேறிப் போய் அவரை வேலைக்குத் துரத்தினாள். காய்க்காரரின் தராசுக்கும் அந்தப் பேரேட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மச்சான் எத்தனையோ தடவை சொன்னார். "தெரியும். ஆனா ஒரு இடத்துல ஆரம்பிச்சா பரவும்," என்றாள்.

மச்சானோ மறுபடி கட்டடம் கட்டடமாக லிஃப்ட் பொத்தான் அழுத்தப் போய்விட்டார்.

பதினோராம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. நாலு நாளாக நான் தைத்த சீட்டெல்லாம் கோணல். வீட்டுக்குப் போனேன். அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்படி வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, ஓட வசதியாகச் செருப்பைக் கழற்றாமல், நடந்ததைச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதை வச்ச?"

"போனை."

"அவர் எதை வைக்கச் சொன்னாரு?"

"மெஷினை. நிறுத்தி."

மாவுக் கையோடு கூடத்துக்குப் போனாள். "என்னங்க, இவன் போனை வச்சானாம்!"

மச்சான் கண்ணாடியைத் துடைத்தார். "அவன் காது என்ன பண்ணும்? 'நிறுத்து'ன்னு ஒத்தைச் சொல்லா நான் சொல்லியிருக்கணும். வேலை பாக்கற இடத்துல வளவளன்னு பேசினது நான்."

"அப்ப இது வேணும்னு பண்ணதில்லதானே? அதை எழுதி ஒரு மனுக் கொடுங்க. எந்த ஆபீஸ்?"

"ஆபீஸே இல்ல."

"பெரிய மனுஷங்க யாராவது இருப்பாங்கல்ல?"

"இல்லம்மா. அதுதான் அதுல உள்ள நல்லதே." மச்சான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒரு தடவை ஒரு ஹோட்டல்ல கயிறு தேஞ்சிருந்தது. லிஃப்டுக்கு சீல் வச்சேன். முதலாளி ஓடி வந்து, 'நான் வேணும்னா தேய விட்டேன்? நாளைக்கு மாத்திடறேன், இன்னிக்கு ஒரு நாள் விடுங்க'ன்னு கையைப் பிடிச்சாரு. நல்ல மனுஷன். பொய் சொல்லல. ஆனா நான் விடல. பெட்டிக்குள்ள நிக்கறவனுக்கு அவர் நல்லவரா கெட்டவராங்கறது எதுக்கு? அன்னிக்கு அவருக்கு நான் பண்ணதை இன்னிக்கு எனக்கு ஒரு மெஷின் பண்ணியிருக்கு. ரெண்டு கயிறு போட்டா பத்திரம்னு நினைச்சேன். இங்க ரெண்டாவது கயிறுதான் ஆபத்துன்னு எழுதியே வச்சிருக்காங்க. படிச்சேன். படிச்சுட்டும் உன் தம்பி பட்டறையில கொண்டு போய் வச்சேன்."

திரும்பிப் போகும் வழியில் அக்கா மாவுக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தச் சட்டையில் அஞ்சு விரலும் இன்னும் இருக்கின்றன.

பதினெட்டாம் நாள் நாங்கள் மூன்று பேரும் சாமான் அறையில் நெருக்கியடித்து நின்றோம். அரிசி டின் மேல் நான் உட்கார்ந்தேன். மச்சான் திரையைத் தட்டினார். உதட்டை அசைத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"சொல்லித் தொலைங்களேன்!"

"வேற யாரும் அதிகமா இல்ல," என்றார். "நம்மளோட சேர்த்து விரல் விட்டு எண்ணிடலாம். ரெண்டாவது வெட்டு விழவே இல்ல."

அக்கா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். உலகம் பதினெட்டு நாள் யோக்கியமாக இருந்ததற்குத் தானே காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறாள். நாங்கள் யாரும் மறுப்பதில்லை.

முதல் வெட்டில் போன கொஞ்சத்தை நிரப்பினால்தான் புது முன்பணம் முழுசாகும். அதை யார் நிரப்புவது என்று அக்கா கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். நான் நிரப்பினேன். பழைய பணம் வெளியே வர இன்னொரு பதினெட்டு நாள், புதுச் சாவியோடு வரிசையில் நிற்க இன்னும் கொஞ்ச நாள். இந்தத் தடவை மெஷின் ஒன்றே ஒன்று. கரண்ட் போனால் போகட்டும், எறும்பு கடிக்கட்டும் என்று அக்கா சட்டம் போட்டாள். அப்படியே பட்டறைக்கு வந்து அந்த அட்டையையும் ஒட்டிவிட்டுப் போனாள்.

முறை வந்த அன்று மச்சான் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தார். பையில் ஸ்க்ரூ டிரைவர்கூட இருந்தது, அது எதற்கென்று கேட்காதீர்கள். சாமான் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பச்சைப் பொட்டு மின்னியது.

"கூப்பிட்டுட்டாங்க," என்றார் அக்காவிடம். அப்புறம் பொட்டைப் பார்த்து, "ம்."

இந்த இடத்தில் பட்டறையில் யாராவது கண்ணைத் துடைப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். டாக்ஸிக்காரர் எழுந்து நின்றார்.

"இதெல்லாம் ஒரு நியாயமா? தப்புப் பண்ணது நீங்க. வெட்டு அந்த மனுஷனுக்கா?"

"சாவியை ரெண்டு இடத்துல வச்சது யாரு?" என்றார் நர்ஸம்மா.

"அக்கறையில வச்சாரும்மா! டியூட்டி தவறக்கூடாதுன்னு."

"எங்க வார்டுல ஒரு நர்ஸ் ஊசி போட்டதைத் தெரியாம இன்னொரு நர்ஸும் அக்கறையா போட்டா, நீங்க அந்தப் பெட்டுல படுத்துக்கறீங்களா? ஒரு வேளை மருந்து விட்டுப்போனா சமாளிக்கலாம். ரெண்டு தடவை போட்டா ஆள் காலி."

"அது உசுரு. இது கம்ப்யூட்டரு."

"பேரேட்டுல ரெண்டு விதமா கையெழுத்து விழுந்தா எதை நம்பறது? உங்க வண்டியில ஒரே சவாரிக்கு மீட்டர் ரெண்டு விதமா காட்டினா?"

"மீட்டரை ஏம்மா இழுக்கறீங்க? என் மீட்டரைப் பத்தி யார் என்ன சொன்னா?"

"நான் பொதுவாச் சொன்னேன். உங்களுக்கு ஏன் குத்துது?"

"போன மாசம் சிக்னல்ல கோட்டை ஒரு சாண் தாண்டினேன், ஆம்புலன்ஸுக்கு வழி விட. அபராதம் போட்டாங்க. ஏன் தாண்டினேன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? மனுஷன் மனசைப் பாக்காத சட்டம் என்ன சட்டம்?"

"மனசைப் பாக்கற சட்டத்துல அழத் தெரிஞ்சவன்தான் தப்பிப்பான்!"

"அப்ப இவரை என்ன பண்ணலாம்? போனை வச்ச மகராசன், ஜாலியா கதை சொல்லிட்டு உக்காந்திருக்காரு!"

"இவரைப் பத்தி நானும் ஒத்துக்கறேன்," என்றார் நர்ஸம்மா. "ஆனா மீட்டர் விஷயம் அப்படியே இருக்கு."

"இருக்கா? வாங்க, இப்பவே வண்டியில போட்டுப் பாப்போம்!"

"எதுல உக்காந்து? சீட்டு இங்க இருக்கு!"

சத்தம் கேட்டு எதிர்க் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து, என்ன விஷயம் என்றே தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நான் ஊசியை மேலே தூக்கிக் காட்டி, "சண்டை போடறதா இருந்தா முதல்ல ரெண்டு பேரும் அந்த சீட்டுகளை விட்டு நகருங்க, எனக்கு வேலை இருக்கு," என்றேன்.

"இது என் சீட்டு!" என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் என் மேல் பாய்ந்தார்கள்.